கருப்பட்டிக் கிடங்கிலிருந்து வந்த மேஸ்திரி

நனைந்த சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு வாசனை உண்டு. எச்சில் தொட்டு அழித்த சிலேட்டின் வாசனையும், வெயில் காணாத ஜமக்காளத்தின் வாசனையும், எங்கோ மூலையில் ஊறிக்கொண்டிருக்கும் பழைய மரத்தின் வாசனையும் சேர்ந்த அந்த நெடி மூக்கில் ஏறினால், எண்பதைக் கடந்துவிட்ட எனக்கு இன்றும் ஒன்பது வயதாகிவிடும். திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில், தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்ற ஓட்டு வீடுகளில் ஒன்றில், கூடத்தை ஒட்டியிருந்த "காமிரா உள்"ளின் வாசலில் போய் நின்றுவிடுவேன்.

எங்கள் வீட்டில் ஒழுங்காகக் கதவு சாத்தக்கூடிய அறை அது ஒன்றுதான். காய்ச்சல் வந்தவர்களை அதில்தான் படுக்கவைப்பார்கள். நானும் என் அக்கா செல்லமும் பிறந்ததும் அதில்தான். முப்பதுகளின் பிற்பாதியில் அந்த அறைக்கு ஒரு கேடு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர் கொண்டுவந்த தமிழில் கூரை ஒழுகும். மூன்று தலைமுறையாக மலையாளக் காற்றைச் சுவாசித்த எங்கள் வீட்டிலோ கூரை "சோரும்". காமிரா உள்ளின் "சோர்ச்சை" முதலில் ஒரு சொட்டாக வந்து, அடுத்த மழைக்காலத்தில் ஒரு கோடாக இறங்கி, அதற்கடுத்த ஆண்டு வடக்குச் சுவர் முழுவதையும் பச்சைப் பாசியாக்கிவிட்டு, கட்டிலை அறையின் நடுவுக்கு நகர்த்தவைத்தது.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர் கச்சேரியில் குமாஸ்தா, மெல்லப் பேசுகிறவர், யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். தம் மேலதிகாரி சிபாரிசு செய்த ஓட்டுக்காரனை முதலில் அழைத்து வந்தார். அவன் வெளியே ஏணி சாத்தி ஏறி, சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே இருந்த ஓடுகளையெல்லாம் மாற்றிவிட்டு, "இனி நூறு கொல்லத்துக்குப் பேடிக்கண்டா" என்று நூறு வருஷத்துக்கு உறுதி சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மழைக்கே அறை நனைந்தது. ஆளை அனுப்பினால், நாளை வருகிறேன் என்று சொன்னவன் வரவேயில்லை. மறு ஆண்டு பெரிய பெயர் பெற்ற ஓர் ஆசாரி வந்தார், உத்தரத்தைக் கீழிருந்து ஒரு கம்பால் தட்டிப் பார்த்து, மரம் முழுக்கப் போய்விட்டது, கூரையையே இறக்கிப் புதிதாகக் கட்டவேண்டும் என்றார், அப்பாவும் தலையாட்டினார், ஒரு பக்கத்து ஓடுகளை இறக்கி முற்றத்தில் அடுக்கியபின், வேறெங்கோ பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று போனவர் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார். அந்த ஒரு மாதமும் தென்னோலைக் கீற்றைப் போட்டுக்கொண்டு நாங்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தோம். திரும்பி வந்தவரும் பழைய ஓடுகளையே பழையபடி அடுக்கிவிட்டு நடையைக் கட்டினார்.

அக்காவின் வளைகாப்பு நடந்தது அதற்கடுத்த ஆண்டு, மாசி மாதத்தில். அக்காவின் புகுந்த வீடு கரமனையில். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மாமியார் நிமிர்ந்த நடையும் கணீரென்ற குரலும் உள்ளவர். வந்த இடத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், காமிரா உள்ளின் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, விரல்களில் ஒட்டிய பாசியை எல்லாரும் பார்க்கும்படி நீட்டினார்.

"பிரசவம் இடவப்பாதிக்குத்தானே வரும்? இந்த உள்ளுலயா எங்காத்துக் குழந்தை பொறக்கணும்? பச்சை உடம்புக்கு ஈரம் ஆகுமா? செல்லம் கரமனையிலேயே இருக்கட்டும். நாங்க பாத்துக்கறோம்."

இடவப்பாதி என்பது இடவ மாதம், தமிழுக்கு வைகாசி, பாதி கழிந்ததும் கொட்டத் தொடங்கும் பெருமழை. சம்பந்தி மாமி சொன்னதில் தப்பில்லை. அதுதான் அம்மாவைக் குத்தியது. தலைச்சன் பிரசவம் பிறந்த வீட்டில் நடக்கவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். அக்காவின் முகம் மறுபக்கம். பதினேழு வயது அக்கா கைநிறைய வளையல்களோடு அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி ஏறும்போதுதான் அந்தப் பிடியை விட்டாள்.

அன்று மாலை அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "இந்தத் தடவை ஆளை நான் பாக்கறேன்."

அப்பா பெரிய பாரம் இறங்கியவர்போல அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாவின் முறை வேறு. தெருவில் வீடு வீடாகப் போனாள். என்னையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். யார் நன்றாக வேலை செய்வான் என்று அவள் எங்கும் கேட்கவில்லை. "நன்னா செஞ்சானான்னு கேட்டா எல்லாரும் ஆமாம்னுதான் சொல்வா. செஞ்சதுல ஒரு குத்தம் வந்து கூப்பிட்டப்போ திரும்பி வந்தானா, அதைக் கேக்கணும்" என்று எனக்கு வழியில் சொன்னாள். அந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் பதில் இல்லை. அடுத்த தெருவிலும் இல்லை. எல்லா மாமிகளும் கையை விரித்தார்கள்; "பணிக்காரன் திரும்பி வர்றதாவது" என்று சிரித்தார்கள்.

இப்படிப் பத்து நாள் போனபின் ஒரு காலை, சமையலறையில் கருப்பட்டி உடைத்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று கையை நிறுத்தினாள். எங்கள் வீட்டுக்குக் கருப்பட்டி ஆரியசாலையில் சுப்பையா பிள்ளையின் மொத்தக் கடையிலிருந்து வரும். ஈரம் பட்டால் கருப்பட்டி வேர்க்கும், கசியும், கூழாகும். ஆனால் அடைமழைக் கர்க்கடக மாதத்தில் வாங்கினாலும் பிள்ளையின் கருப்பட்டி கல்லுப்போல இருக்கும். "அந்தக் கிடங்குக் கூரைக்கு எவனோ ஒருத்தன் பொறுப்பா இருக்கான்" என்றாள் அம்மா.

அக்கிரகாரத்துப் பெண்கள் ஆரியசாலைக்குப் போவதில்லை. அது மூட்டைகளும் மாட்டு வண்டிகளும் சுமைக்காரர்களின் கூவலும் மிளகாய் நெடியும் நிறைந்த ஆண்களின் இடம். அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் அந்தச் சந்துகளுக்குள் நடந்தாள். எதிரே வந்த சுமைக்காரர்கள் திகைத்துப் போய் வழிவிட்டார்கள். பிள்ளை எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டார். சரக்கில் ஏதோ குறை என்று பயந்துவிட்டார் போலும். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

பிள்ளை சிரித்தார். "கருப்பட்டிக்கு ஈரம் எமன்லா அம்மா? மேல பாருங்க. ஏழு வருசமாச்சு, சரக்கு மேல ஒரு சொட்டு எறங்கல. விழிஞ்ஞத்துக்காரன் ஒருத்தன், பத்ரோஸ்னு பேரு. வள்ளம் பணியற, படகு கட்டற ஆளு; இந்தக் கூரையும் அவன் கைதான். ஒரு வருசம் ஒரு மூலைல லேசா கசிஞ்சுது. நாங்க ஆள் அனுப்பல. அவனே முதல் மழைக்கு வந்து நின்னு பாத்து, தானே கண்டுபிடிச்சு, தானே சரி பண்ணிட்டுப் போனான்."

அம்மாவின் பிடி என் கையில் இறுகியதை இப்போதும் உணர்கிறேன்.

"ஆனா ஒண்ணு" என்று பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். கடலோரக் கடப்புறத்து ஆளு. உங்க தெருவுக்கு ஆகுமா?"

அம்மா அண்ணாந்து அந்தக் கூரையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "வந்து பாக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். தெரு அன்று அவரை "அவன்" என்றது. எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் சொன்னோம். இப்போது எழுதும்போது என் கை "அவர்" என்றே எழுதுகிறது. நாற்பது வயதிருக்கும்; உப்புக் காற்றில் காய்ந்த கறுத்த மெலிந்த உடம்பு; கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை. தெருவில் நின்றே கூரையை வெகுநேரம் பார்த்தார். அம்மா ரேழிக் கதவுக்கு உள்ளே நின்றாள்; அப்பா வாசலில்.

"மேஸ்திரிக்கு என்ன தோண்றது?" என்று அம்மா கேட்டாள்.

"இப்ப ஒண்ணும் தோணாது அம்மா" என்றார் பத்ரோஸ். "வெயிலத்து நின்னு சோர்ச்சையப் பத்திப் பறஞ்சா அது பொய்யாக்கும். மழ பெய்யட்டு. ஞான் ஆரியசாலையிலதான் உண்டு. மழ விழுந்தா ஓடி வரும்."

எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து, தெரியவில்லை என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அம்மாவோ சமையலறைக்குள் போனதும் என்னிடம், "ஆள் கிடைச்சாச்சுடி" என்றாள்.

சித்திரைக்கு இணையான மேட மாதத்துக் கோடைமழை ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு இடியோடு வந்தது. தெருவில் தண்ணீர் ஓடத் தொடங்கும் முன்னே வாசலில் பத்ரோஸ் நின்றார். தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, ஆரியசாலையிலிருந்து ஓடி வந்த மூச்சிரைப்போடு. அப்பா கச்சேரியில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

மச்சுக்கு ஏறும் ஏணி வீட்டுக்குள்ளே, சமையலறையை ஒட்டிய இடைகழியில் இருந்தது. முன்பு வந்த இருவரும் வெளியே ஏறினார்களே தவிர, மச்சுக்குள் போய்ப் பார்த்ததில்லை. "உள்ளேந்து பாக்கணும் அம்மா. அல்லாமத் தெரியாது" என்றார் பத்ரோஸ், ரேழிப் படியில் கால் வைக்காமல் நின்று.

அம்மா மடி ஆசாரத்தில் யாருக்கும் குறைந்தவள் அல்ல. எங்கள் பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு நான் சமையலறைக்குள் போனாலே விரட்டுகிறவள். அன்று அவள் திரும்பி அடுக்களையைப் பார்த்தாள். காமிரா உள்ளில் தாரையாக இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு போய் அடுக்களைக் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, "மழைக்கு மடி தெரியறதா என்ன? வாங்கோ" என்றாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன. அவர் ரேழியைக் கடந்து, கூடத்தைக் கடந்து நடந்தபோது, எங்கள் தரையில் பதிந்த ஈரக் காலடிகளை நான் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன்.

அவர் முதலில் காமிரா உள்ளில் நின்று, "கொஞ்சம் ஆரும் மிண்டப்படாது" என்றார். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஏணியில் ஏறி மச்சின் இருட்டுக்குள் மறைந்தார். வெகுநேரம் கழித்து இறங்கியபோது அவர் உள்ளங்கையில் மாவுபோல் உதிர்ந்த மரத்தூள் கொஞ்சம் இருந்தது.

"அம்மா, சொட்டற வெள்ளம் நம்ம கூரையிலேந்து இல்ல. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சொவரு அல்லே? அந்தச் சொவரோட தலையில இருக்கற தகரப் பாத்தி, மழத்தண்ணி ஓடற சால், அரிச்சுப் போச்சு. அங்க எறங்குன வெள்ளம் உத்தரம் வழியே பத்தடி நடந்து வந்து இஞ்ச விழுது. ஓட்ட மாத்தி எந்து காரியம்?"

"உத்தரம் முழுக்கப் போச்சுன்னாரே ஆசாரி?"

"சொவருக்குள்ள இருக்கற தலை ஒரு முழம் போச்சு. மிச்சம் பொன்னு. இது ஆஞ்ஞிலி மரம் அம்மா. இதுலதான் ஞங்க வள்ளம் பணியறது. அதத் தொடண்டா."

இரண்டு வருஷமாக இரண்டு பேர் கண்டுபிடிக்காததை அரை மணியில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பாத்தியைச் சரிசெய்யப் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறியாகவேண்டும். பக்கத்து வீடு கிட்டு மாமாவுடையது.

கிட்டு மாமா தெருவுக்குப் பெரியவர். கல்யாண நாள் பார்ப்பதிலிருந்து கிணறு தூர் எடுப்பது வரை எதையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். மறுநாள் காலை அப்பா அவரிடம் கேட்கப் போகுமுன்பே, எதிர்வீட்டு ஜன்னல் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. அப்பா கேட்டு முடித்ததும் கிட்டு மாமா தம் வாசலில் இறங்கி நின்றுகொண்டு, பத்து வீட்டுக்குக் கேட்கும் குரலில் தொடங்கினார்.

"நேத்து உன் ஆத்துக்குள்ள யாரை விட்டாய்? இன்னிக்கு என் தலைக்கு மேல ஏத்தணும்னு கேக்க வந்திருக்காய். கடப்புறத்துக்காரன் என் பூஜை உள்ளுக்கு மேல ஏறி நிக்கறதா? இந்தத் தெருவுல இதுவரைக்கும் நடந்திருக்கா?"

பத்ரோஸ் எங்கள் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, தெருவோரமாக, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அம்மா ரேழியில். யாரிடமும் உரக்கப் பேசியறியாத அப்பா அன்றும் உரக்கப் பேசவில்லை. ஆனால் பின்வாங்கவும் இல்லை.

"கிட்டு அண்ணா, அவர் ஏறினா உங்க கூரைக்கு ஒரு குறையும் வராது. ஏறலைன்னா என் பொண்ணு பிரசவத்துக்கு இங்க வரமாட்டா. நான் உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை. இதைக் கேக்கறேன்."

கிட்டு மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள், அவருடைய வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பகவதி மாமியின் குரல். கிட்டு மாமாவின் மனைவியான அவர் ஆண்கள் நிற்கும் இடத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏறட்டும்! பத்து வருஷமா மழைக்காலம் பூரா நானும் பூஜை உள்ளுல உருளி வெச்சு உருளி வெச்சு எடுத்துண்டிருக்கேன். வெளில சொல்லாதேன்னேள், சொல்லலை. ஸ்வாமி நனையறாரே, அது தோஷமில்லையா?"

எங்கோ ஒரு ஜன்னலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். தெருவுக்கெல்லாம் யோசனை சொல்லும் வீட்டில் தெய்வத்தின் தலையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் வெளியே வந்தது. கிட்டு மாமாவின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெளிப்பக்கமா ஏறிக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா என்னை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. சுவரின் இருபுறமும் ஓடுகளைக் கழற்றி, எந்த ஓடு எந்த வீட்டுடையது என்று கரியால் அடையாளமிட்டுத் தனித்தனியே அடுக்கினார். அரித்துப்போன பாத்தியை எடுத்தபோது அது சல்லடையாக இருந்தது; அந்த இடத்தில் புதுப் பாத்தி போட்டார். உத்தரத்தின் செத்த தலையை அறுத்தெடுத்துவிட்டு, விழிஞ்ஞத்திலிருந்து சுமந்து வந்த ஆஞ்ஞிலித் துண்டைச் செதுக்கிப் பழைய மரத்தோடு பல்லுக்குப் பல் கோத்து, மர ஆணி அடித்து இறுக்கினார். இடுக்குகளில், வள்ளத்தின் பலகைகளுக்கு இடையே அடைப்பதுபோல், எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தில் தோய்த்த கயிற்றுநாரைத் திணித்தார். அந்தப் புகையின் மணம் ஒரு வாரம் எங்கள் புடவைகளிலும் பாவாடைகளிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நடுப்பகலில் அம்மா அவருக்கு மோர் கொடுப்பாள். நன்றாகப் பெருங்காயம் போட்ட, உறைப்பான மோர். ஆனால் பாத்திரத்தில் கொடுக்கமாட்டாள். அவர் குனிந்து கையைக் குவித்து நிற்க, செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். கதவைத் திறந்துவிட்டவளுக்கு அந்தச் செம்பைக் கொடுக்க மனம் வரவில்லை. அப்போது எனக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் நினைத்து நினைத்துக் கூசியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள், வேலை முடிந்தது என்று சொல்லாமல், "வெள்ளம் கோரி ஊத்திப் பாக்கணும்" என்றார் பத்ரோஸ். எங்கள் கிணற்றிலிருந்து அம்மாவும் தங்கள் கிணற்றிலிருந்து பகவதி மாமியும் இறைத்துக் கொடுக்க, அவர் குடம் குடமாகக் கூரையின்மேல் கொட்டினார். நான் மச்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. "இல்லை! இல்லை!" என்று நான் கத்தியதைக் கேட்டு இரண்டு கிணற்றடியிலும் சிரிப்பு எழுந்தது. ஆனால் மேலே பத்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. பாத்தியின் நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிறது என்றார்.

"இந்த மழைக்கு ஒண்ணும் ஆவாது. மூணாம் வருச மழைக்கு அரிக்கும். சரிவு கொறஞ்சுபோச்சு. என்ற தெற்று" என்றவர், தம் தவறு என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். யாரும் கேட்காமலே பாத்தியை முழுவதும் பெயர்த்து, இரண்டு நாள் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தார். கூரையேறிப் பார்க்காத யாருக்கும் அந்தக் குறை ஆயுளுக்கும் தெரிந்திருக்காது. அப்பா அன்று கச்சேரியிலிருந்து வந்து இதைக் கேட்டுவிட்டு, "நான் முப்பது வருஷமா இப்படி ஒருத்தரைக் கச்சேரியில பார்த்ததில்லை" என்றார்.

அம்மா கரமனைக்குத் தானே போனாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது வண்டியில் அக்கா இருந்தாள். சம்பந்தி மாமி ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: இடவப்பாதியின் முதல் பெருமழையன்று தாம் வந்து பார்ப்பதாகவும், சுவரில் ஈரம் இருந்தால் அந்த நிமிஷமே மருமகளை அழைத்துப்போவதாகவும். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்த மழையும் அக்காவின் வலியும் ஒரே விடியலில் வந்தன. வானம் கிழிந்ததுபோல் கொட்டியது. தெரு முழங்காலளவு ஆறாயிற்று. மருத்துவச்சி குடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்து, காமிரா உள்ளின் கதவைச் சாத்தினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, கதவுக்கு அப்பால் அக்கா முனகுவதையும், ஓட்டின்மேல் மழை இரைவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

காலை ஒன்பது மணி இருக்கும். வாசலில் யாரோ அழைத்தார்கள். பத்ரோஸ். ஆரியசாலை வேலை முடிந்து அவர் விழிஞ்ஞத்துக்குத் திரும்பிப் பல நாளாகியிருந்தது. அந்த மழையில் பத்து மைல் நடந்து வந்திருந்தார். தோளிலிருந்து தண்ணீர் வழிந்தது. யாரும் ஆள் அனுப்பவில்லை.

"சோர்ச்ச உண்டோ?" என்றார்.

பிரசவம் நடக்கும் வீட்டின் மச்சில் அந்நிய ஆணை எப்படி ஏற்றுவது? அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கிட்டு மாமா. குடை பிடிக்காமல் வாசலுக்கு இறங்கி வந்தவர், மழையில் நனைந்துகொண்டே, பத்ரோஸைப் பார்த்தார்.

"எங்காத்து மச்சு வழியா ஏறிப் பாக்கலாம். உள்ள வரட்டும்."

அன்று பிற்பகல் வரை பத்ரோஸ் கிட்டு மாமாவின் மச்சில், பூஜை அறைக்கு நேர் மேலே உட்கார்ந்து, அந்தச் சுவரின் தலையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி மாமி வண்டியில் வந்திறங்கினார். யாரோடும் பேசாமல் நேராகக் காமிரா உள்ளுக்குள் போனார். கதவு திறந்த அந்தக் கணத்தில் நானும் எட்டிப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பு அடித்த வடக்குச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வேறு இடத்தில் பதித்தார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். வெளியே இடி இடித்தது. பிறகு அவர் தம் புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் தலையைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கதவு மூடியது.

மூன்று மணிக்குக் குழந்தை அழுதது. அந்த மழையின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை. கதவைத் திறந்துகொண்டு வந்த சம்பந்தி மாமி அம்மாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "பேரன்! சொட்டு ஈரமில்லை. நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கோ."

"நீங்க சொன்னதாலதான் நடந்தது" என்றாள் அம்மா. அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்; அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்பா கற்கண்டுக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, மேஸ்திரிக்குக் கொண்டுபோய்க் கொடு என்றார். நான் கிட்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். பத்ரோஸ் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "ஆம்பிளைக் குழந்தை!" என்று கத்திக்கொண்டே ஒரு கை கற்கண்டை அள்ளி அவர் கையில் வைத்து அழுத்தினேன். பகவதி மாமி பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டு மாமா பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுவிட்டாய் என்று ஒருவரும் என்னைக் கடியவில்லை. பத்ரோஸ் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பல் முழுதும் தெரியச் சிரித்தார்.

பதினோராம் நாள், தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனத்துக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் குழந்தையைப் பார்த்த கையோடு அண்ணாந்து உத்தரத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். "அந்த மேஸ்திரியை எங்காத்துக்கும் ஒரு நடை அனுப்புங்கோளேன்" என்று ஒவ்வொருவராக வந்து அம்மாவின் காதில் சொன்னார்கள். பகவதி மாமி மட்டும் காதில் சொல்லவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பத்து வருஷ உருளிக் கதையை எல்லாருக்கும் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் இரண்டு மழைக்காலங்களுக்குள் எங்கள் வரிசையில் பத்ரோஸின் கை படாத கூரையே இல்லை என்றாகிவிட்டது. யார் வீட்டில் என்ன பழுது என்றாலும் முதலில் அம்மாவிடம் வந்து கேட்பார்கள். தச்சனோ கொத்தனோ கிணறு வெட்டுகிறவனோ, அம்மா தலையசைத்தால் நம்பலாம் என்று எங்கள் தெருவில் பேச்சு உண்டாயிற்று.

இன்று அந்தத் தெருவில் ஓட்டுக் கூரை இரண்டோ மூன்றோதான் எஞ்சியிருக்கிறது. எங்கள் வீடும் கிட்டு மாமாவின் வீடும் போய், அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. நான் வேறொரு பேட்டையில், மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன்; மழை வந்தால் சத்தம் கேட்பதில்லை, ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அம்மா, அப்பா, அக்கா, கிட்டு மாமா, பகவதி மாமி, பத்ரோஸ் எல்லாரும் போய்விட்டார்கள். மறைந்துபோன எல்லாவற்றுக்காகவும் நான் வருந்துவதில்லை. போன மாதம் எங்கள் சமையலறைக் குழாயைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். மருமகள் கதவைத் திறந்தாள். அவர் நேராக உள்ளே நடந்துபோனார். அடுப்படியில் படுத்து வேலை செய்தார். நாங்கள் குடிக்கும் தம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகமும் தெரியவில்லை.